மனிதனும் அவன் மேல்கோட்டும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் ஊரில் ஒரு பழமொழி வழங்குகிறது. சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஆடையின் பெருமையைச் சொல்லுவதற்காகவே அதைச் சொல்லுகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கோ அந்தப் பழமொழியில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஆடையாகிய பாதி போய்விட்டால், மிச்சமிருக்கும் பாதி ஆள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளுகிறான்? பாதி என்று நினைத்துக்கொள்ளுகிறானா, அல்லது ஒன்றுமேயில்லை என்று நினைத்துக்கொள்ளுகிறானா? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கதாசிரியர்கள் சிலர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மிகவும் நேர்மையாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பழைய கதைகளிலும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. சகுந்தலையின் மோதிரம் உண்டு. அனுமன் இலங்கைக்குக் கொண்டுபோன கணையாழி உண்டு. கண்ணகியின் சிலம்பு உண்டு. ஆனால் அந்தப் பொருள்களெல்லாம் சாட்சி சொல்ல வந்தவை. இவள் இன்னாள், இது உண்மை என்று உலகத்துக்கு நிரூபிப்பதோடு அவற்றின் வேலை முடிந்துபோகிறது. சிலம்பு இருப்பதனால் கண்ணகி தன்னைப் பெரியவளாக எண்ணிக்கொள்ளவில்லை. அதைக் கழற்றிக் கொடுக்கும்போது சிறியவளாகவும் எண்ணிக்கொள்ளவில்லை. கோவலன் வறுமைக்கு நாணுகிறான், உண்மைதான். ஆனால் அது முன்னோர்கள் தேடிவைத்த மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டோமே என்ற நாணம். ஒரு குலத்தின் நாணம். சட்டையின் கழுத்துப்பட்டை நைந்துபோனதை எதிரே உட்கார்ந்திருப்பவன் பார்த்துவிட்டானோ என்று கூசுகிற நாணம் வேறு. அது கதைகளுக்குள் வந்ததற்கு ஆபீஸ் குமாஸ்தா என்ற புது மனிதன் பிறக்கவேண்டியிருந்தது.

நிலம் வைத்திருப்பவனுக்கு நிலம் பேசும். தச்சனுக்கும் கொல்லனுக்கும் அவர்களுடைய கைகள் பேசும். மாதச் சம்பளத்துக்குக் காகிதத்தில் எழுதி அடுக்குகிறவனுக்குப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவன் எழுதியது அவனுடையதல்ல. உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவனுடையதல்ல. தெருவில் போகும்போது அவன் இன்னான் என்று சொல்ல அவன் மேலே போட்டிருப்பது ஒன்றுதான் மிச்சம். அதையே ஊரார் படிக்கிறார்கள். நாளடைவில் அவனும் தன்னை அதிலேயே படித்துப் பார்த்துக்கொள்ளுகிறான்.

இந்த மனிதன் முதன்முதலில் முழு உருவத்தோடு தோன்றியது ருஷ்யாவில் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 1722-இல் மகா பீட்டர் சக்கரவர்த்தி தம் ராஜ்யத்து உத்தியோகஸ்தர்களையெல்லாம் 14 படிகளாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டார். பிறப்பைவிடச் சேவைக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த மனிதனும் தான் எத்தனையாவது மனிதன் என்பதை எண்ணிக்கையாகவே தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. சிவில் உத்தியோகத்தில் எட்டாம் படியை எட்டியவனுக்குப் பரம்பரைப் பிரபு அந்தஸ்து உண்டு. ஒன்பதாம் படியில் நிற்பவனுக்கு அது கிடையாது. ஒரே ஒரு படி! அந்த ஒன்பதாம் படியிலேயே ஆயுள் முழுவதும் நின்றுவிட்டவர்களின் கூட்டம் பீட்டர்ஸ்பர்க் ஆபீஸ்களை நிரப்பிக்கொண்டிருந்தது. 1845-இல் அந்த வரம்பை ஐந்தாம் படிக்கே உயர்த்திவிட்டார்கள். அட்டவணை ஒழிந்தது 1917-இல், புரட்சிக்குப் பிறகு.

அந்த ஒன்பதாம் படி மனிதனைத்தான் நிகோலாய் கோகோல் 1842-இல் வெளிவந்த 'மேல்கோட்டு' என்ற கதையில் பிடித்து நிறுத்தினார். கோகோலுக்கு இந்த உலகம் வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்ததல்ல. பத்தொன்பது வயதில் உக்ரேனிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து சின்ன உத்தியோகத்தில் உட்கார்ந்தவர் அவர். ஒரு குளிர்காலம் முழுவதையும் கோடைக்கால மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே கழித்துவிட்டதாக 1830-இல் தாயாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கதையின் வித்து எங்கே கிடைத்தது என்பதை அவருடைய நண்பர் அன்னென்கோவ் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லுகிறார். 1834-வாக்கில் நண்பர்கள் கூடியிருந்த ஓர் இடத்தில் யாரோ ஒருவர் ஒரு வேடிக்கைச் சம்பவம் சொன்னாராம். ஏழைக் குமாஸ்தா ஒருவனுக்குப் பறவை வேட்டையில் பைத்தியம். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மேல் வேலை பார்த்து, சுமார் 200 ரூபிள் சேர்த்து ஓர் உயர்ந்த துப்பாக்கி வாங்கினான். முதல் நாள் படகில் அதை முன்னால் வைத்துக்கொண்டு ஆனந்தத்தில் மெய்ம்மறந்து போகும்போது, அடர்ந்த நாணல் அதைத் தட்டித் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜுரத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பணம் திரட்டி வேறொரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பிழைத்தான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோகோல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார் என்கிறார் அன்னென்கோவ்.

சிரிக்காத அந்த ஒருவர் என்ன செய்தார் என்று பாருங்கள். துப்பாக்கியை எடுத்துவிட்டு மேல்கோட்டை வைத்தார். துப்பாக்கி ஆசைப்பொருள், மேல்கோட்டோ பீட்டர்ஸ்பர்க் குளிரில் உயிர்ப்பொருள். இந்த ஒரு மாற்றத்தில் வேடிக்கை என்ற பேச்சே அடிபட்டுப் போய்விடுகிறது.

அகாகி அகாகியெவிச் நகல் எழுதுகிற குமாஸ்தா. வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளம். அவருடைய பழைய கோட்டு அவ்வளவு நைந்துபோயிருந்தபடியால் ஆபீஸில் இருப்பவர்கள் அதற்குக் கோட்டு என்ற பெயரைக்கூடக் கொடுக்க மறுத்து, வீட்டில் போட்டுக்கொள்ளும் அங்கி என்று பரிகாசம் செய்தார்கள். ஒட்டுப்போடக்கூட அதில் துணி இல்லை என்று தையற்காரன் பெத்ரோவிச் கையை விரித்துவிட்டான். புதிதாகத் தைக்க எப்படியும் 80 ரூபிள் ஆகும். வருஷச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அகாகி மாலைத் தேநீரை நிறுத்தினார். இரவில் மெழுகுவத்தி கொளுத்துவதை நிறுத்தினார். பூட்ஸின் அடி தேயாமல் இருக்கக் கல் தெருவில் நுனிக்காலால் நடந்தார். இந்த விரதத்தின் நடுவே அவருக்குள் ஒரு மாறுதல் ஏற்படுகிறது. நடை நிமிருகிறது, கண்ணில் ஒளி வருகிறது, ஏதோ கல்யாணம் ஆகி, கூட ஒரு துணை வந்து சேர்ந்துவிட்டதைப்போல வாழ்க்கை நிறைந்துவிடுகிறது. காலருக்கு மார்ட்டன் என்ற விலங்கின் உரோமத்தோல் வைக்கலாமா என்றுகூட ஒரு துணிச்சலான நினைப்பு வருகிறது! கடைசியில் அது கட்டுப்படியாகாமல் கடையில் இருந்ததற்குள் உயர்ந்த பூனைத்தோலாகப் பார்த்து வாங்குகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மார்ட்டன் என்றே தோன்றுமாம்.

அந்தத் 'தூரத்திலிருந்து' என்ற இடத்தில் கோகோலின் முழுக் கலையும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கோட்டுக்குள் இருக்கிற மனிதனுக்குக் கதகதப்பு வேண்டும். அதற்குப் பூனைத்தோல் போதும். தூரத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு மார்ட்டன் வேண்டும். ஒரே காலர் இரண்டு வேலையும் செய்கிறது.

புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே ஆபீஸில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கொண்டாடுகிறார்கள். மேலதிகாரி ஒருவர் விருந்துக்கு அழைக்கிறார். விருந்திலிருந்து திரும்பும் வழியில் திருடர்கள் கோட்டைப் பறித்துக்கொள்ளுகிறார்கள். உண்மைச் சம்பவத்தில் சக குமாஸ்தாக்கள் பணம் திரட்டித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா? கோகோல் அதை மறக்கவில்லை. கதையிலும் பணம் திரட்டுகிறார்கள். ஆனால் டைரக்டரின் படத்துக்கும், ஓர் அதிகாரியின் நண்பர் எழுதிய புத்தகத்துக்கும் அவர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தபடியால் சேர்ந்தது அற்பத்தொகை! ஒரு பெரிய மனிதரிடம் முறையிடப் போன அகாகி அவருடைய அதட்டலில் நடுங்கி வீடு திரும்பி, ஜுரம் கண்டு இறந்துபோகிறார். அவர் விட்டுப்போன சொத்து, ஒரு கட்டு வாத்து இறகுப் பேனா, கொஞ்சம் சர்க்கார் வெள்ளைக் காகிதம், மூன்று ஜோடிக் காலுறை, கால்சட்டையிலிருந்து அறுந்த இரண்டு மூன்று பித்தான், அப்புறம் அந்தப் பழைய கோட்டு. அவர் இறந்த செய்தி ஆபீஸுக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிகிறது. மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கதைக்கு வந்த விமரிசனங்களுக்குள் மிகவும் உயர்ந்தது ஒரு கதாபாத்திரம் செய்த விமரிசனம். 1846-இல் டாஸ்டாயெவ்ஸ்கி என்ற இருபத்துநாலு வயது இளைஞர் 'ஏழை மக்கள்' என்ற தம் முதல் நாவலை வெளியிட்டார். அதன் நாயகர் மகார் தேவுஷ்கினும் நகல் எழுதுகிற குமாஸ்தாதான். அவரும் ஒன்பதாம் படிதான். யாரோ கொடுத்த 'மேல்கோட்டு' கதையை அவர் படிக்கிறார். படித்துவிட்டு அழுதாரா? இல்லை, கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தம் வீட்டுக்குள் ஒளிந்து பார்த்து, தம் கிழிசலையெல்லாம் எடுத்துத் தெருவில் காயப்போட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. இனிமேல் தெருவில் எப்படி நடப்பது என்று புலம்புகிறார். கோட்டையும் பூட்ஸையும் தமக்காகப் போட்டுக்கொள்ளவில்லை, பிறத்தியாருக்காகத்தான் போட்டுக்கொள்ளுகிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறவர் அவர். தேநீர் குடிப்பதுகூட அக்கம்பக்கத்துக்காகத்தானாம்!

பிறகு ஒரு நாள் ஏதோ ஒரு நகலில் ஒரு வரியை விட்டுவிட்டதற்காக அவரை மேலதிகாரி கூப்பிட்டு அனுப்புகிறார். போய் நிற்கிறார். கண்ணாடியில் தம் கோலம் தெரிகிறது. அந்தச் சமயம் பார்த்து, நூலில் தொங்கிக்கொண்டிருந்த பித்தான் ஒன்று அறுந்து விழுந்து, துள்ளி, உருண்டு, நேரே அதிகாரியின் காலடிக்கே போய்விடுகிறது. மனிதர் குனிந்து அதைத் துரத்துகிறார். அது கையில் அகப்படமாட்டேன் என்கிறது. எடுத்த பித்தானை, அறுந்துபோன நூலிலேயே மறுபடி ஒட்டவைக்கப் பார்க்கிறார். மற்றவர்கள் வெளியே போன பிறகு அதிகாரி 100 ரூபிள் நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்து, சமமானவனுக்குக் கொடுப்பதுபோல் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த நூறு ரூபிளைவிடத் தம் அற்பக் கையை அவர் பிடித்ததே தமக்குப் பெரிது என்று தேவுஷ்கின் எழுதுகிறார்.

கோகோல் போட்ட கேள்விக்கு டாஸ்டாயெவ்ஸ்கி கொடுத்த பதில் இது. கோட்டும் பித்தானும் ஒரு மனிதனுக்கு எதற்காக வேண்டியிருந்தன? சக மனிதன் தன்னை மனிதனாகப் பார்க்கவேண்டும் என்பதற்காக. அந்தப் பார்வை நேரே கிடைத்துவிட்டால் பித்தான் போனால் போகிறது. கிடைக்காதவரையில் ஒரு பித்தானில் ஒருவனுடைய பிராணன் தொங்கிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் இதையே ஒரு சிறுவன் உடம்பாலேயே உணர்ந்திருக்கிறான். 1824-இல் சார்லஸ் டிக்கன்ஸின் தகப்பனாரைக் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் பூட்ஸ் பாலிஷ் செய்யும் கம்பெனியில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். கடன்காரக் குடும்பம் சட்டத்தின் சலுகையைப் பெறவேண்டுமானால் உடுத்தியிருக்கும் துணிமணிகளும் சொந்தப் பொருள்களும் 20 பவுனுக்கு மேற்படக் கூடாது. அதற்காகப் பையனையும் மதிப்புப் போடுகிறவரிடம் அனுப்பினார்கள். அவனிடம் இருந்தது ஒரு வெள்ளைத் தொப்பி, சின்னச் சட்டை, முரட்டுக் கால்சட்டை. ஆனால் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்றும் பையில் இருந்தது. அதனால் தன் விலை 20 பவுனைத் தாண்டிவிடுமோ என்று பயந்துகொண்டே போனானாம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி போ என்று அனுப்பிவிட்டார். பையன் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்தான். உலகப்புகழ் பெற்ற பிறகும் டிக்கன்ஸ் இந்தச் சிறை, பாலிஷ் விவகாரங்களை வெளியில் சொன்னதில்லை. அவர் 1870-இல் இறந்த பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் அறிந்தது. 'பெரிய எதிர்பார்ப்புகள்' என்ற நாவலில், பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி பார்த்துச் சிரித்த பிறகுதான் தன் கை முரடு, தன் பூட்ஸ் தடிமன் என்று பிப் என்ற பையனுக்கு முதல்முதலாகத் தெரிகிறது. அதுவரையில் அவை வெறும் கையும் பூட்ஸுமாகவே இருந்தன. மதிப்புப் போட்டுப் பார்க்கப்பட்ட ஒருவரால்தான் அதை அப்படி எழுதியிருக்க முடியும்.

பாரிஸுக்கு வரும்போது குளிர் போய்விடுகிறது. கண்ணாடி அலமாரி வந்துவிடுகிறது. 1852 முதல் பூஸிகோ என்பவர் நடத்திய போன் மார்ஷே கடை, பேரம் பேசாத ஒரே விலை, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற புது முறைகளால் பிரம்மாண்டமாக வளர்ந்தது. அரண்மனை மாதிரியான கடைக்குள் குமாஸ்தாவின் மனைவியும் நுழைந்து தொட்டுப் பார்க்கலாம். தனக்கு என்னென்ன இல்லை என்பதை இவ்வளவு விவரமாகத் தெரிந்துகொள்ளும் வசதி அதற்கு முன்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. எமிலி ஜோலா அந்தக் கடையை நேரில் ஆராய்ந்து 1883-இல் ஒரு நாவலே எழுதினார்.

அடுத்த வருஷம், 1884 பிப்ரவரியில், மாப்பஸானின் 'வைரமாலை' ஒரு பாரிஸ் பத்திரிகையில் வெளியாயிற்று. மாப்பஸானும் குமாஸ்தாவாக இருந்தவர்தான்; முதலில் கடற்படை இலாகா, பிறகு கல்வி இலாகா. கதையின் மத்தில்டாவுடைய கணவனும் கல்வி இலாகாக் குமாஸ்தா. மந்திரி வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. உடுத்த ஒன்றுமில்லை என்று அவள் அழ, கணவன் துப்பாக்கி வாங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்த 400 பிராங்கை எடுத்துக் கொடுக்கிறான். (இங்கேயும் ஒரு துப்பாக்கி!) நகைக்குச் சிநேகிதியிடம் வைரமாலை இரவல். விருந்தில் அவள்தான் ராணி.

மாலை தொலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொலைந்த தருணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? விருந்து முடிந்து புறப்படும்போது கணவன் அவள் தோளில் அவளுடைய பழைய, எளிய மேலாடையைப் போடுகிறான். பக்கத்தில் மற்றப் பெண்கள் விலையுயர்ந்த உரோம ஆடைகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவள் படியிறங்கி ஓடுகிறாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றால் கழுத்து வெறுமையாக இருக்கிறது. ஆக, இங்கேயும் எல்லாம் ஒரு மேலாடையில் போய்த்தான் முட்டுகிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாள் என்பார்கள் நம்மவர்கள். மத்தில்டா கந்தையை எறியவில்லை. அதற்கு வெட்கப்பட்டு ஓடினாள்.

அதே மாதிரி மாலை ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் பத்து வருஷம் கடன் அடைக்கிறார்கள். வேலைக்காரியை நிறுத்துகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், கடைக்காரனிடம் காசு காசாகப் பேரம் பேசுகிறாள், கை சிவந்து, குரல் முரடாகி, கிழவியாகிறாள். பிறகு ஒரு நாள் சிநேகிதியைச் சந்தித்து நடந்ததைச் சொல்லுகிறாள். அந்த மாலை போலி, 500 பிராங்குக்கு மேல் பெறாது என்று சிநேகிதி சொல்லுவதோடு கதை முடிகிறது.

அந்த முடிவின் அதிர்ச்சியில் அதற்கு முந்திய கணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாலை மாறினது உனக்குத் தெரியவே இல்லை அல்லவா என்று கேட்டு மத்தில்டா சிரிக்கிறாள். அது பெருமிதமும் கள்ளமின்மையும் கலந்த சிரிப்பு என்று மாப்பஸான் எழுதுகிறார். மந்திரி வீட்டு விருந்தில் அவளுக்கு வந்த பெருமை ஓர் இரவுக்கு வாங்கிய இரவல். தண்ணீர்க்குடம் தூக்கிய பத்து வருஷத்தில் வந்த பெருமை அவளுடைய சொந்தம். மாலை போலியாகிவிட்டதனால் அந்தப் பெருமையும் போலியாகிவிடுமா? ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாப்பஸான் அதைச் சொல்லாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது.

பொருளாசை கூடாது என்று உபதேசம் செய்வது இந்தக் கதைகளின் நோக்கம் என்று சிலர் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பற்றை விடு என்று, போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாதவனிடம் போய்ச் சொல்லுவது தர்மோபதேசம் ஆகாது. பீட்டர்ஸ்பர்க்கில் குளிர் உண்மை. அகாகியின் பல் கிட்டியது உண்மை. கோட்டு வந்ததும் அவர் முகம் மலர்ந்ததும் உண்மை. கோகோல் அந்த மலர்ச்சியைப் பரிகாசம் செய்யவில்லை. அவர் எழுத்தில் குறுகிப்போகிறவர்கள் வேறு மனிதர்கள். கோட்டுக்கு வாழ்த்துச் சொல்லி, கோட்டுக்காரனை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்காத ஆபீஸ் சகாக்கள். அற்பத்தொகை சேர்த்துக் கொடுத்தவர்கள். அதட்டி அனுப்பிய பெரிய மனிதர்.

பாத்திரத்தின் சட்டையில் ஒரு கிழிசலை வைப்பது எழுதுகிறவனுக்கு மிகவும் சுலபம். ஒரு வாக்கியம் போதும். அந்தக் கிழிசலை அவன் எந்தக் கையால் மறைத்துக்கொள்ளுகிறான் என்பதையும் பார்த்து எழுதுவதற்குத்தான் மனசு வேண்டியிருக்கிறது. எந்தப் பாத்திரத்தை எழுதும்போதும், தேவுஷ்கின் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளுவாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுவது நல்லது. நூறு ரூபிள் கொடுக்க எல்லோராலும் முடியாது. கையைப் பிடித்துக் குலுக்க எல்லோராலும் முடியும்.